கைநடுக்கத்துக்கு மூளை ஆபரேஷன்: முடிவெடுக்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

நடுக்கமும் உடம்பு இறுக்கமும் கொண்டுவரும் பார்க்கின்சன் வியாதி என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே ஒறம்பரையில் யாராவது ஒருவர் செல்போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டுவார். கை உதறிக்கொண்டிருக்கும் பெரியவர், ஒரு கருவியை ஆன் செய்ததும் டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிறார். உடனே கேள்வி வரும்: "ஏனுங்க, இந்த ஆபரேஷனை நாமளும் பண்ணிட்டா என்னங்க?"

கேட்பதில் தப்பில்லை. ஆனால் வரிசையில் அது நாலாவது, ஐந்தாவது கேள்வி. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்தூண்டல் கொடுக்கும் இந்த ஆபரேஷனுக்கு டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன், சுருக்கமாக டிபிஎஸ் என்று பெயர். எங்கள் அப்பாவுக்கு இது நடந்தது. அப்புறம் ஈரோடு மாவட்டத்தில் கோபி, சத்தி, பவானிப் பக்கமிருந்து விவரம் கேட்டு வருகிறவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது பழக்கமாகிவிட்டது. பெரும்பாலோர் தடுமாறுகிற இடம் மாத்திரை டப்பாதான், ஆபரேஷனைப் பற்றிய பேச்சு வருவதற்கு வெகு முன்னாலேயே.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் எவ்வளவு பெரிது என்று பார்த்து இந்த ஆபரேஷன் முடிவாவதில்லை. மாத்திரை போட்டால் உடம்பு எப்படி மாறுகிறது என்பதை வைத்து முடிவாகிறது. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் என்ன கிடைக்கிறதோ, அதை நாளின் பெரும்பகுதிக்கு நீட்டித் தருவதுதான் ஆபரேஷனின் வேலை. நடுக்கம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் ஆபரேஷனில் அடங்க வாய்ப்புண்டு.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு துணிப்பை எடுங்கள். வீட்டில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் அதில் போடுங்கள். பிரஷர், சர்க்கரை, கேஸ், தலைசுற்றல், தூக்கம், நாட்டு மருந்துப் பொடி உட்பட எல்லாமே. "நரம்பு மாத்திரை மட்டும் காட்டினால் போதும்" என்று விட்டுவிடுவார்கள். ஏன் கூடாது என்பது அடுத்த படியில் வரும்.

பழைய எம்ஆர்ஐ ஸ்கேனின் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, சிடியோ பிலிமோ வேண்டும். ஒரு கோடு போட்ட நோட்டு வேண்டும். எல்லா முறையும் கூட வரக்கூடிய ஒரே ஆள் வேண்டும். இந்த மாதம் மகன், அடுத்த மாதம் மருமகன் என்று மாறி மாறிப் போனால், போன முறை டாக்டர் எதைக் குறைத்தார், ஏன் குறைத்தார் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

2. இது பார்க்கின்சன்தானா என்று உறுதி செய்யுங்கள்

கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கி, டம்ளரை எடுக்கப் போகும்போது குறைந்தால் பார்க்கின்சன் பக்கம் சாயும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும். கூடவே வேகம் குறையும், உடம்பு இறுகும், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும், நடக்கும்போது ஒரு கை வீசாது.

சும்மா இருக்கும்போது அமைதியாக இருந்து, டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் இரண்டு கையும் நடுங்கினால் அது வேறு வகை நடுக்கமாக இருக்கலாம். தலையும் குரலும்கூட நடுங்கும். அப்பாவுக்கோ அமுச்சிக்கோ இருந்தது என்பார்கள். அதற்கு மருந்து வேறு. ஆபரேஷன் செய்தாலும் மூளையில் குறிவைக்கும் இடம் வேறு.

மூன்றாவது வகைக்காகத்தான் துணிப்பை. சில மருந்துகளே பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கொண்டுவரும். கேஸ் மாத்திரைகளில் கூட்டாக வரும் லெவோசல்பிரைடு, தலைசுற்றலுக்கு சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கு புளூனரிசின், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, மனநல மருந்துகளில் சில. நம் ஊரில் நெஞ்செரிச்சலுக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்த கேப்சூலை மெடிக்கலில் அட்டையைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. அந்த மருந்தை நிறுத்தினால் பலருக்கு நடுக்கம் குறையும். ஆனால் அதற்கே வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். மனநல மருந்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க, அப்ப வியாதி இல்லைதானுங்க?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. சாதாரண எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்க்கின்சன் தெரியாது. மூளையில் நீர் தேங்குவது, பழைய பக்கவாதம், கட்டி போன்றவை இல்லை என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன். இளம் வயதிலேயே நடுக்கம் வந்தால் உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோயா என்றும் பார்ப்பார்கள்.

இன்னொன்று. வியாதி தொடங்கிய ஓரிரு வருஷத்துக்குள் அடிக்கடி விழுவது, கண்ணைக் கீழே தாழ்த்திப் பார்க்க முடியாமல் போவது, எழுந்து நின்றால் மயங்குவது, இவை இருந்தால் பார்க்கின்சனைப் போலவே தோன்றும் வேறு நோயாக இருக்கலாம். அவற்றுக்கு இந்த ஆபரேஷன் உதவாது. பல ஆஸ்பத்திரிகளில் அறிகுறி தொடங்கி நாலைந்து வருஷம் ஆகட்டும் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அந்த இடைவெளியில் எந்த நோய் என்பது தெளிவாகிவிடும்.

3. மாத்திரையை ஒழுங்குக்குக் கொண்டு வாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு ஆபரேஷனுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். "மாத்திரை கேட்கலைங்க" என்று வருகிறவர்களில் பலருக்கு மாத்திரை குடலைத் தாண்டி உள்ளேயே போயிருக்காது.

முதன்மை மருந்து லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்தது. சிண்டோபா என்று பலரும் சொல்வது இதைத்தான். அட்டையில் 110, 125, 275 என்று இருக்கும் எண்கள் இரண்டு மருந்தின் கூட்டு: 100 + 10, 100 + 25, 250 + 25. மெடிக்கலில் 110 இல்லையென்று 275 கொடுத்தால் அது இரண்டரை மடங்கு லெவோடோபா. "ஒரே மாத்திரைதானே" என்று வாங்கி வராதீர்கள். மெதுவாகக் கரையும் வகையை நுணுக்கியோ மென்றோ சாப்பிடக் கூடாது. சேர்ந்தாற்போல் உடம்பில் இறங்கிவிடும்.

சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ போடுவது நல்லது. லெவோடோபாவும் புரதமும் குடலில் ஒரே வழியாக உள்ளே போகப் போட்டி போடும். புரதம் ஜெயித்தால் மாத்திரை வெளியே நிற்கும். நம் வீட்டுச் சாப்பாட்டில் புரதம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அரிசியும்பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தயிர், கறி. மத்தியானம் இதில் ஏதாவது சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டுவிட்டு, மூன்று மணிக்கு உடம்பு கட்டைபோல் ஆகிவிட்டது என்பார்கள். மருந்து வேகமாகத் தீர்ந்துபோகும் கட்டத்துக்கு வந்தவர்கள் புரதத்தைப் பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளிப் பார்க்கலாம். அடியோடு நிறுத்தக் கூடாது, ஏற்கெனவே உடம்பு இளைக்கிற வியாதி இது. ஆரம்பத்தில் மாத்திரை குமட்டினால் ஓரிரண்டு பிஸ்கட்டோடு போடலாம். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

புரட்டாசிச் சனி, சஷ்டி விரதம் என்று மாத்திரையையும் சேர்த்து விடுகிறவர்கள் உண்டு. சாப்பாட்டை விடலாம், இந்த மாத்திரையை விடக் கூடாது. திடீரென்று மொத்தமாக நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து ஐசியு வரை போக நேரலாம். கண்புரைக்கோ இடுப்பு எலும்புக்கோ வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், மாத்திரை நேரம் எழுதிய தாளை நர்ஸிடம் கொடுங்கள்.

பூனைக்காலி விதைப் பொடி பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் இருப்பது லெவோடோபாவேதான். அதனால்தான் குணம் தெரிகிறது, அதனால்தான் ஆபத்தும். ஒவ்வொரு பொடியிலும் அளவு வேறு. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லாமல் இருந்தால், அவர் பார்க்கும் கணக்கு எல்லாமே தப்பாகிவிடும்.

பிராமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். சிலருக்குச் சூதாட்டம், தேவையில்லாமல் பொருள் வாங்குவது, அளவு மீறிய பாலுணர்வு என்று அடக்க முடியாத உந்துதல் வரும். ஆன்லைன் ரம்மியில் பணம் போனதை அவராகச் சொல்ல மாட்டார், வெட்கப்படுவார். அது அவர் குணக்கேடு இல்லை, மருந்தின் வேலை. அளவை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். ஆபரேஷனுக்கு முன் நடக்கும் மனநலப் பரிசோதனையில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். மறைக்காதீர்கள்.

4. மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

புது வியாதியில், வாய்க்காலில் முறைத்தண்ணீர் விட்ட வயல் அடுத்த முறை வரை ஈரம் காப்பதுபோல, மூளை மருந்தைத் தேக்கி வைத்துச் செலவழிக்கும். வருஷம் போகப் போக அந்தத் தேக்கும் சக்தி குறைகிறது. அடுத்த மாத்திரைக்கு முன்பே காய்ந்துவிடுகிறது. மருந்து வேலை செய்யும் நேரத்தை "ஆன்" என்றும் தீர்ந்துபோன நேரத்தை "ஆஃப்" என்றும் டாக்டர்கள் சொல்வார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் தொடர்ந்து மூன்று நாள், அரைமணிக்கு ஒரு வரி எழுதுங்கள். நான்கு நிலைதான்: தூக்கம், ஆஃப், ஆன், ஆட்டம். மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். ஒரு நாள் இப்படி இருக்கும்:

காலை 6.00, மாத்திரை. ஆஃப், வலது கால் பெருவிரல் சுருட்டி இழுக்குது.
6.45, ஆன். தானாகப் பல் துலக்கினார்.
8.00, மூன்று இட்லி.
9.30, கை மறுபடி நடுங்குது. ஆஃப்.
10.00, மாத்திரை.
11.00, கழுத்தும் தோளும் நெளியுது. ஆட்டம். அவருக்குத் தெரியலை.

கடைசி வரியைப் பாருங்கள். இங்கேதான் வீட்டுக்காரர்கள் பெரிதாகத் தடுமாறுகிறார்கள். நடுக்கம் ஒரே தாளத்தில் இருக்கும், நொடிக்கு நாலைந்து தடவை. ஆட்டம் அப்படியில்லை, உடம்பு நெளியும், வளையும், தோள் ஏறி இறங்கும், தாளமே இருக்காது. நடுக்கம் மருந்து குறைவதால் வருவது. ஆட்டம் பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருப்பதால் வருவது. இரண்டையும் "நடுக்கம்" என்றே டாக்டரிடம் சொன்னால், அவர் மருந்தைக் கூட்டுவார், ஆட்டம் இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் பெயர் வைக்காதீர்கள், வீடியோ எடுங்கள்.

வீடியோவிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஆன் நேரத்தில் ஒன்று, ஆஃப் நேரத்தில் ஒன்று, இரண்டிலும் ஒரே வேலைகள். கையை மடியில் வைத்து 100இலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். மனசு வேறு வேலையில் இருக்கும்போது ஒளிந்திருக்கும் நடுக்கம் வெளியே வரும். பெயரை மூன்று முறை எழுதச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வரச் சொல்லுங்கள். திரும்பும்போதுதான் கால் ஒட்டிக்கொள்வது தெரியும்.

5. ஆபரேஷன் பேச்சை எப்போது எடுக்கலாம்

கணக்கு கையில் இருந்தால் 5-2-1 என்று ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 தடவையோ அதற்கு மேலோ லெவோடோபா போட வேண்டியிருப்பது, 2 மணி நேரமோ மேலோ ஆஃபில் கிடப்பது, 1 மணி நேரமோ மேலோ தொந்தரவு தரும் ஆட்டம். இதில் ஒன்று இருந்தாலே மாத்திரையைத் தாண்டிய சிகிச்சை பற்றி டாக்டரிடம் பேசத் தொடங்கலாம். ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

அளவு சரியாக ஏற்றிப் பார்த்தும் நடுக்கம் மட்டும் அடங்காமல், சாப்பிடவும் எழுதவும் முடியாமல் போனவர்கள் தனிக் கணக்கு. அவர்களும் கேட்கலாம்.

ஆன் நேரத்திலும் விழுகிறார் என்றால் ஆபரேஷன் அதைச் சரி செய்யாது. பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், ஞாபக மறதி, மலச்சிக்கல் இவற்றுக்கும் இது வைத்தியம் இல்லை. பேச்சும் நினைவும் சிலருக்கு ஆபரேஷனுக்குப் பின் மோசமாவதும் உண்டு. ஞாபக மறதி நோய் தொடங்கியவர்கள், மனச்சோர்வு கட்டுக்குள் வராதவர்கள் ஆகியோருக்குச் செய்ய மாட்டார்கள். வயதுக்குக் கறாரான வரம்பு கிடையாது, ஆனால் 70, 75 தாண்டினால் தயங்குவார்கள்.

6. அவரிடம் தனியாகக் கேளுங்கள்

"அட, நீ சொன்னாச் சரி கண்ணு, பண்ணிக்கலாம்." அப்பாக்கள் மகளிடம் இப்படித்தான் சொல்வார்கள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆன் நேரத்தில், கூட்டம் இல்லாதபோது, "ஆபரேஷனுக்கப்புறம் உங்களால் எந்த மூணு வேலை செய்ய முடியணும்?" என்று கேட்டு அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

"நானே சோத்தைப் பிசைஞ்சு திங்கணும்" என்றால் அது நடக்க வாய்ப்புள்ள ஆசை. "பொழுதோட கடை வரைக்கும் நடந்து போகணும்" என்றால், இப்போது ஆன் நேரத்தில் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிகிறதென்றால் நம்பிக்கை உண்டு. "பழையபடி எல்லாம் ஆகணும்" என்றால் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. அந்தத் தாளை நரம்பியல் டாக்டரிடமே கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே "நடக்கும், நடக்கலாம், நடக்காது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, பின்னால் ஏமாற்றம் வராமல் காப்பாற்றுவது இந்த ஒரு தாள்தான்.

7. பரிசோதனைகள்

முக்கியமானது லெவோடோபா சோதனை. முந்தின ராத்திரியிலிருந்து சுமார் 12 மணி நேரம் மாத்திரை இல்லாமல் இருக்கச் சொல்லி, காலையில் கை, கால், நடை எல்லாவற்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் அளவில் லெவோடோபா கொடுத்து, மருந்து ஏறியதும் திரும்பவும் மதிப்பெண். குறைந்தது 30 சதவீதமாவது முன்னேற்றம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆபரேஷன் என்ன தரும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னோட்டம் இல்லை.

இந்தச் சோதனைக்கு விடிகாலையில் ஊரிலிருந்து கிளம்பாதீர்கள். மாத்திரை இல்லாத உடம்போடு சத்தியிலிருந்து கோவைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் காரில் உட்காருவது சித்திரவதை. இறங்கவே நாலு பேர் வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே போய் ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்குங்கள், முடிந்தால் அட்மிஷன் கேளுங்கள். எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கும் மற்ற பார்க்கின்சன் மாத்திரைகளுக்கும் நிறுத்தும் நேரம் வேறாக இருக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை பற்றியும் கேளுங்கள். தாங்களாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நினைவாற்றல் சோதனை, மனநலச் சோதனை, எம்ஆர்ஐ, இதயம், ரத்தம் உறையும் தன்மை எல்லாம் இதோடு நடக்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் முதல் நாளே சொல்லுங்கள். நினைவாற்றல் சோதனையில் பக்கத்தில் உட்கார்ந்து விடை எடுத்துக் கொடுக்காதீர்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் நாளைக்குத் தப்பான ஆளுக்கு ஆபரேஷன் ஆகிவிடும்.

8. எந்த வகை, எங்கே, என்ன கேட்பது

பரவலாகச் செய்வது மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்த பேட்டரியிலிருந்து மின்தூண்டல் கொடுப்பது. முதலில் சொன்ன டிபிஎஸ் இதுதான். குறி மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கும். சப்தலாமிக் நியூக்ளியஸில் வைத்தால் மாத்திரையைக் கணிசமாகக் குறைக்க வாய்ப்பு அதிகம். குளோபஸ் பாலிடஸில் வைத்தால் ஆட்டம் நேரடியாகக் குறையும், மாத்திரை அவ்வளவாகக் குறையாது. தலாமஸில் வைத்தால் நடுக்கம் மட்டும் அடங்கும். எதை, ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கம்பி, பேட்டரி இல்லாமல் சிறு இடத்தைச் சுட்டுவிடும் முறைகளும் உண்டு. எம்ஆர்ஐ பார்த்தபடியே அல்ட்ராசவுண்ட் அலைகளைக் குவித்து, மண்டையைத் துளைக்காமல் செய்வது அதில் ஒன்று. பொதுவாக ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்கிறார்கள். எல்லார் மண்டையெலும்பும் அதற்கு ஒத்துவராது. சுட்டதைத் திருப்பவும் முடியாது. டிபிஎஸ்ஸில் அளவை மாற்றலாம், அணைக்கலாம், தேவைப்பட்டால் எடுத்துவிடலாம்.

கோவையில் தனியார் ஆஸ்பத்திரிகளில் டிபிஎஸ் நடக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களில் பார்க்க விரும்புகிறவர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ் இரண்டில் ஒன்றுக்குப் போகிறார்கள். கோவை, ஈரோட்டிலிருந்து இரண்டு ஊருக்கும் ரயில் இருக்கிறது. தூரத்தை ஆபரேஷனுக்காகக் கணக்குப் போடாதீர்கள், அதற்கு ஒருமுறைதான் போகப்போகிறீர்கள். ஆபரேஷனுக்கப்புறம் மின்தூண்டல் அளவைச் சரிசெய்ய ஆறு மாதம், ஒரு வருஷம் வரை திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

கேட்க வேண்டியவை: அளவு சரிசெய்யப் போவது எந்த டாக்டர், வாரத்தில் எத்தனை நாள் இருப்பார்? பேட்டரி ரீசார்ஜ் வகையா? சாதாரண பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து வருஷம், ரீசார்ஜ் வகை 15 வருஷமோ அதற்கு மேலோ வரும். முன்னதை மாற்ற ஒவ்வொரு முறையும் சின்ன ஆபரேஷனும் புது பேட்டரியின் விலையும் உண்டு. பின்னதை அவரோ வீட்டில் ஒருவரோ தவறாமல் சார்ஜ் போட வேண்டும். தனியாக இருக்கும் பெரியவருக்கு அது ஒத்துவருமா? பின்னால் எம்ஆர்ஐ எடுக்க முடியும் வகையா? மொத்தச் செலவில் சாதனம் எவ்வளவு? பெரும்பங்கு அதற்கே போகும், பல லட்சம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ தனியார் பாலிசியோ இருந்தால், எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பதைத் தேதி குறிக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பித் தோட்டத்தை அடமானம் வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஆபத்தைப் பற்றியும் எண்ணாகவே கேளுங்கள். மூளையில் ரத்தக்கசிவு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம், தொற்று அதைவிடச் சற்று அதிகம். அந்த ஆஸ்பத்திரியின் கணக்கு என்ன என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

9. ஆபரேஷன் நாள்

பயப்படுகிற அளவுக்கு இங்கே நீங்கள் செய்ய எதுவும் இல்லை. தலையில் சட்டம் மாட்டி ஸ்கேன் எடுப்பார்கள். பல இடங்களில் கம்பி வைக்கும்போது நோயாளி விழித்திருப்பார். கையை மூடித் திறக்கச் சொல்வார்கள், பேச்சுக் கொடுப்பார்கள். மூளைக்கு வலி தெரியாது, தோலுக்கு மரத்துப்போகும் ஊசி உண்டு. முழு மயக்கத்தில் செய்யும் இடங்களும் இருக்கின்றன. நெஞ்சில் பேட்டரி வைப்பது முழு மயக்கத்தில்.

10. ஆபரேஷனுக்குப் பின்

கம்பி வைத்த மறுநாள், சாதனத்தை ஆன் செய்யாமலேயே பலருக்கு நடுக்கம் குறைந்திருக்கும். வீடே கொண்டாடும். கம்பி உள்ளே போனபோது அந்த இடத்தில் உண்டான வீக்கத்தின் விளைவு அது. சில நாளிலோ வாரங்களிலோ வடியும், நடுக்கம் திரும்ப வரும். "காசு வீணாப் போச்சுங்களே" என்று அப்போது போன் வரும். வீணாகவில்லை, வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் ஆன் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள்.

அளவு மாற்றிய ஒவ்வொரு முறையும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பேச்சு குழறினால், முகம் ஒரு பக்கம் இழுத்தால், திடீரென்று அளவுக்கு மீறிச் சிரித்தால், அழுதால், எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தால் உடனே சொல்லுங்கள், அளவு மாற்றிச் சரிசெய்யக்கூடியவை இவை. நடுக்கம் நின்றுவிட்டது என்று மாத்திரையை நீங்களே குறைக்காதீர்கள். வேகமாகக் குறைத்தால் மனசு சோர்ந்து படுத்துவிடுவார்.

மூட்டுவலிக்கு "கரண்ட் வைக்கிற" பிசியோதெரபி நம் ஊர்களில் சாதாரணம். அதில் ஷார்ட்வேவ் டயதர்மி என்ற சூட்டு சிகிச்சை டிபிஎஸ் வைத்தவருக்கு எந்தக் காலத்திலும், உடம்பில் எந்த இடத்திலும் கூடாது. கம்பி நுனி சூடாகி மூளையைச் சுட்டுவிடும், உயிரே போகும். பேட்டரியை அணைத்துவிட்டுச் செய்யலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். சாதன அடையாள அட்டையைப் பர்ஸில் வைத்து, பல் டாக்டர் உட்பட எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். வேறு ஆபரேஷனில் மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவி பயன்படுத்துவார்கள், அதற்கும் முன்னேற்பாடு வேண்டும். லேத் பட்டறை, வெல்டிங் வேலை செய்கிறவர்கள் வெல்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் திரும்பப் போவதற்கு முன் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடை வாசலில் இருக்கும் திருட்டு எச்சரிக்கைக் கம்பங்களுக்கு நடுவில் நிற்காமல் கடந்து போனால் போதும்.

நாள்பட்ட பேட்டரி திடீரென்று தீர்ந்தால் நடுக்கமும் இறுக்கமும் ஒரே நாளில் பழையபடி, சிலருக்கு அதைவிட மோசமாகத் திரும்பும். அது அவசரம். பேட்டரி அளவு பார்க்கும் ரிமோட்டை மாதம் ஒருமுறை பாருங்கள்.

11. வேண்டாம் என்று முடிவானால்

நடை, சமநிலை, குரல் இவற்றுக்கான பயிற்சி ஆபரேஷன் ஆனவருக்கும் ஆகாதவருக்கும் ஒன்றுதான். நிலவுப்படியில் கால் ஒட்டிக்கொண்டால் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். அங்கே தரையில் குறுக்காகக் கலர் டேப் ஒட்டி, அதைத் தாண்டச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால் கால் நகரும். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றினால் படுத்தும் நின்றும் பிரஷர் பாருங்கள். பார்க்கின்சன் மருந்தும் பிரஷர் மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை இறக்கியிருக்கலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சன் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்றுக்குப் போகும் நாளிலும் ஆஃப் நேர வீடியோ கையில் இருக்கட்டும். ஆன் நேரத்தில் பார்த்தால் "நல்லாத்தானே இருக்கார்" என்றுவிடுவார்கள்.

ஆஸ்பத்திரி மறுத்திருந்தால் காரணத்தை எழுதி வாங்குங்கள். மனச்சோர்வு, கட்டுப்படாத சர்க்கரை என்று இருந்தால் அதற்குச் சிகிச்சை எடுத்துவிட்டுத் திரும்பப் போகலாம். காரணம் ஞாபக மறதியென்றாலோ பார்க்கின்சனைப் போன்ற வேறு நோயென்றாலோ, இரண்டாவது கருத்து ஒன்று கேளுங்கள். அங்கேயும் அதே பதில் வந்தால், மூன்றாவதாகச் சரி என்று சொல்லும் இடத்தைத் தேடி அலையாதீர்கள். அந்தப் பணத்தில் பகல் நேரத்துக்கு ஒரு ஆளையும் வாரம் இரண்டு நாள் பிசியோதெரபியையும் ஏற்பாடு செய்யலாம்.